கிளிக்குப் புது பேட்டரி

காலை பத்தேகாலுக்கு அலமாரியைத் திறந்தால், கிளி வயிறு வீங்கிக் கிடந்தது.

கிளி என்றால் பறவை இல்லை. கழிவுநீர் ஏற்று நிலையத்தில், கிணற்றுக்குள் இறங்குகிறவன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வாயுமானி அது. உள்ளங்கை அளவு இருக்கும், மஞ்சள் நிறம். கீழே விஷவாயு இருந்தாலோ மூச்சுக் காற்று போதாவிட்டாலோ தெருமுனை வரை கேட்கும்படி கத்தும். கத்திவிட்டால், கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் அதற்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அது கிளி. அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, பத்திரமாக வைத்திருப்பது என் உத்தியோகம்.

பின்மூடியில் நான்கு திருகுகள். கழற்றியதும் பேட்டரி உப்பிக்கொண்டு வெளியே வந்தது. தொட்டால் இளஞ்சூடு. இந்த மாதிரி பேட்டரியைக் குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, மறுபடி சார்ஜ் போடவே கூடாது. அதன் உலோக முனைகள் இரண்டிலும் டேப் ஒட்டி, இரும்பு வாளியில் மணல் நிரப்பி, நடுவில் புதைத்தேன். பின்மூடியையும் திருகுகளையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். புது பேட்டரி கையில் இருந்தால் மீதி வேலைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், கிளி அவுட். புது பேட்டரி வாங்கிட்டு வர்ற வரைக்கும் யாரையும் இறக்காதீங்க."

"மூணு மணிக்கு இறங்கியே ஆகணும்பா. பம்புல துணி சுத்திக்கிட்டு நிக்குது. இன்னைக்கு எடுக்கலைன்னா சாயங்காலம் தெருவெல்லாம் மிதக்கும். அப்புறம் யார் பதில் சொல்றது?"

"கிளி இல்லாம எப்படி சார்?"

அவர் ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். "இதைப் படி. 'கருவி உடன் உள்ளதா?' உள்ளது. அதுக்கு உயிர் இருக்கான்னு எங்கேயாவது கேட்டிருக்கா?"

கேட்கவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பேட்டரி இல்லாத கிளியை எடுத்துத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "இது இங்கேயே இருக்கட்டும், இறங்கும்போது கழுத்துல மாட்டிவிடறேன். 'உள்ளது'ன்னு டிக் போட்டாச்சு. நீ வேணும்னா போய் பேட்டரி வாங்கிட்டு வா. மூணு வரைக்கும் பார்ப்பேன்."

இறங்கப்போகிறவன் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. ஒப்பந்தக் கூலி, மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு வேறொருவன் வந்து நிற்பான். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் நான்தான்.

"போயிட்டு வாங்க மாமா. நீங்க வரலைன்னாலும் பரவாயில்ல, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷத்துல துணியை உருவிட்டு வந்துடறேன்" என்று சிரித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே கிணற்றில் இரண்டு பேர் அப்படித்தான் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

வாளியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அங்கே மூன்றாவது மாடியில் 'பேட்டரிப் பாதுகாப்பு மற்றும் பத்திர அப்புறப்படுத்தல் பிரிவு' இருக்கிறது. அது உண்டான கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அந்தக் கட்டடத்தில் யாரோ ஒரு மகராசன் வீங்கின பேட்டரியைக் குப்பைக்கூடையில் வீசிவிட்டுப் போனார். அது தீப்பிடித்து எட்டுக் கோப்புகள் கருகிவிட்டன. கிணற்றில் செத்த இரண்டு பேருக்கு அறிவிப்புப் பலகையில் அரைப்பக்கம் ஒட்டியவர்கள், எட்டுக் கோப்புகளுக்காக விசாரணைக் குழு போட்டு, அறிக்கை வாங்கி, ஒரு மாடியையே காலி செய்து, முப்பத்தொரு ஊழியர்களை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த நிலையமும் தானாகப் பேட்டரி வாங்கக்கூடாது. பழையதை இந்தப் பிரிவில் ஒப்படைத்துத்தான் புதியதைப் பெற வேண்டும்.

வாசலில் காவலாளி தடுத்தார். மணி பதினொன்றரை.

"வாளியில என்ன?"

"பழைய பேட்டரி. மூணாவது மாடியில குடுக்கணும்."

"பழைய பேட்டரி உள்ளே வரக்கூடாது. ஆபத்தான பொருள்."

"குடுத்தாதான் அண்ணே புதுசு தருவாங்க."

"குடுங்க. யார் வேணாம்னது? உள்ளே மட்டும் கொண்டுபோகக் கூடாது."

"உள்ளே போகாம மூணாவது மாடியில எப்படிக் குடுக்கிறது?"

அவர் கோபப்படவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. "பதினோரு மாசமா வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார் வருத்தமாக.

"எல்லாரும் என்ன பண்ணாங்க?"

"திரும்பிப் போயிட்டாங்க."

எனக்கு மூன்று மணி கண்ணுக்குள்ளேயே நின்றது. மச்சினனைப் பற்றிச் சொன்னேன். காவலாளி என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை சுவரோரம் போயிற்று. அங்கே சிவப்பு வண்ணம் அடித்த வாளிகள் நான்கு, தீயணைப்பதற்காக, மணலோடு தொங்கிக்கொண்டிருந்தன.

"மேல வேற எதுவும் தெரியக்கூடாது. மணல் மட்டும்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்து எழுதினார்: 'மணல் வாளி, ஒன்று. தீயணைப்பு உபகரணம்.' என் பெயரை எழுதவில்லை. உபகரணத்தைத் தூக்கி வருகிறவருக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மூன்றாவது மாடியில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே புத்தம்புதுப் பேட்டரிகள், பெட்டி பிரிக்காமல், முந்நூறுக்கும் மேல் அடுக்கியிருந்தன. என் கிளிக்குரிய ரகமும் இரண்டாவது தட்டில் இருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம், நடுவில் ஒரு கண்ணாடியும் ஒரு குமாஸ்தாவும்தான்.

குமாஸ்தா பழைய பேட்டரியை மணலிலிருந்து எடுத்து, கவ்விப் பிடித்து அளக்கும் கருவியால் தடிமனை அளந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா சார், அமுக்கிடாதீங்க" என்றேன்.

"பதினஞ்சு மில்லிமீட்டர்" என்றார். பதிவேட்டைப் பார்த்தார். "இது உங்க பேட்டரி இல்லையே."

"என்ன சார் சொல்றீங்க?"

"உங்களுக்குக் குடுத்தது ஒன்பது மில்லிமீட்டர். நீங்க கொண்டுவந்திருக்கறது பதினஞ்சு. ஒன்பது எங்கே?"

"அதுதான் சார் இது. வீங்கிடுச்சு. வீங்கினதாலதானே மாத்த வந்திருக்கேன்!"

"அப்படியா? அப்போ படிவத்துல அளவு போடணும்." மறுபடி அளந்தார். "இப்போ பதினாறு காட்டுது. ஏதாவது ஒரு அளவு சொல்லுங்க. நிமிஷத்துக்கு ஒண்ணு மாறினா நான் எதை எழுதறது? நிலையா ஒரு அளவுக்கு வந்ததும் கொண்டுவாங்க."

"சார், அது நிலையா ஒரு அளவுக்கு வரணும்னா வெடிச்ச பிறகுதான் வரும்."

"அப்போ வாங்க" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

பேட்டரியைப் பிடுங்காத குறையாக வாங்கி மறுபடி மணலில் புதைத்தேன். சாப்பாட்டு இடைவேளை என்று அவர் எழுந்து போனார். வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மணலில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு கொஞ்சம் ஏறியிருந்த மாதிரி இருந்தது. என் பயமாகவும் இருக்கலாம். ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, தம்பி போனை எடுக்க மாட்டேங்குறான். இன்னைக்கு இறங்குறானா என்ன?"

"இல்ல இல்ல. நான் பேட்டரி வாங்கிட்டுப் போனாத்தான் இறக்குவாங்க."

"வாங்கிட்டீங்களா?"

"கையில இருக்கற மாதிரிதான்" என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகவும் உறுத்துகிறது.

ஒன்றரை மணிக்குப் பிரிவுத் தலைவியின் அறைக்குள், கூப்பிடாமலே, வாளியோடு நுழைந்தேன். எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அவர் திட்டவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பழைய பேட்டரியா? நிஜமாவா? உள்ளே வந்துடுச்சா?"

"ஆமாம் மேடம்."

"பதினோரு மாசமா காத்துக்கிட்டிருக்கோம்! ஒண்ணுகூட வந்ததில்லை. பழசு வராம புதுசு குடுக்கக்கூடாதுன்னு விதி. நானும் ஒண்ணுகூடக் குடுத்ததில்லை. அலமாரியைப் பார்த்தீங்கல்ல? வாங்கின நாள்ல எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிருக்கேன். ஒரு கறை உண்டா?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா போதும் மேடம். மூணு மணிக்கு என் மச்சினன் கிணத்துல இறங்கறான். கழுத்துல செத்த மீட்டர். போன தடவை ரெண்டு பேர்..."

"தெரியும், தெரியும். நான் மனிதாபிமானம் இல்லாதவ இல்லை. இழப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அந்த எட்டுக் கோப்புல மூணு என் கையால எழுதினது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு இன்னைக்கே கிடைக்கும். ஆனா முறைப்படி. முதல்ல பழசை அப்புறப்படுத்தணும். முதல் பேட்டரி, சும்மா அப்புறப்படுத்திட முடியுமா? இயக்குநரே வரணும். ரெண்டு மணிக்கு விழா வெச்சுடலாம்."

அரை மணி நேரத்தில் அந்த அலுவலகம் வேலை செய்த வேகத்தைப் பார்த்தால் யாரும் அசந்துபோவார்கள். நாற்காலி வந்தது, மைக் வந்தது, போட்டோகிராபர் வந்தார். மேடையின் பின்னால் 'பத்திர அப்புறப்படுத்தல் பெட்டகம்' என்ற இரும்புப் பெட்டி, பாதிச் சுவர் உயரத்துக்கு நின்றது. முன்னால் மேஜையில் பளபளக்கும் எவர்சில்வர் தட்டுகள் இரண்டு. ஒன்றில் ரிப்பன் கட்டிய புது பேட்டரி. மற்றதில் என் பழைய பேட்டரியை வைக்க வேண்டுமாம்.

"டேப்பைப் பிரிச்சுடுங்க" என்றார் போட்டோகிராபர். "எண் மறையுது."

"பிரிக்கக்கூடாதுங்க! முனை ரெண்டும் தட்டுல பட்டா ஷார்ட் ஆயிடும். அதுவும் எவர்சில்வர் தட்டு. தீப்பிடிக்கும்!"

மேடம் என் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. பாதுகாப்புக்குன்னே இருக்கற பிரிவு இது. இங்கே எப்படித் தீப்பிடிக்கும்?"

டேப்பைக் குமாஸ்தா பிரித்தார். வாளியை மேஜைக்கடியில் இழுத்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். மணி இரண்டு இருபது. இயக்குநர் பேச ஆரம்பித்தார்.

"சகோதர சகோதரிகளே! இந்தப் பிரிவு தொடங்கி பதினோரு மாசம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு விபத்து உண்டா? இல்லை! காரணம் என்ன? ஒரு பழைய பேட்டரியைக்கூட நாம உள்ளே விடலை. நம்ம நிலையங்கள்ல ஒரு கருவியிலயாவது பேட்டரி வெடிச்சதா ரிப்போர்ட் உண்டா? இல்லை! ஏன்? அந்தக் கருவிகள் எதுவுமே இப்ப வேலை செய்யலை. வேலை செய்யாத கருவிதான் பாதுகாப்பான கருவி!"

கைதட்டல். தட்டிலிருந்து ஒரு சீற்றம் கேட்டது. யாரோ சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி.

"சிலர் அவசரப்படறாங்க. 'சீக்கிரம் குடுங்க, ஆள் இறங்கணும்'ங்கறாங்க. நான் கேக்கறேன், அவசரப்பட்டு யாராவது நல்லா இருந்திருக்காங்களா?"

வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பியது. "சார், புகை!" என்று கத்தினேன். இயக்குநர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. "பதற்றம்தான் முதல் எதிரி" என்று தொடர்ந்தவர், தட்டில் நெருப்பு குப்பென்று எழும்பியதும் முதல் எதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். அவருக்குப் பின்னால் மேடம், குமாஸ்தா, போட்டோகிராபர், மற்ற ஊழியர்கள் எல்லோரும். பெட்டகத்துக்குள் தள்ளலாம் என்று கைப்பிடியை இழுத்தேன். பூட்டியிருந்தது. சாவி அதற்குள்ளேதான் பத்திரமாக இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

நாற்காலியில் கிடந்த கைக்குட்டையை எடுத்துத் தட்டின் விளிம்பைப் பிடித்து, எரிகிற பேட்டரியை வாளி மணலில் கவிழ்த்தேன். மேலே மணலை அள்ளிக் கொட்டினேன். வலது கையில் வாளி, இடது கையில் ரிப்பன் கட்டிய புது பேட்டரி. அதை எடுக்க வேண்டும் என்று நான் யோசிக்கவேயில்லை, கை எடுத்துவிட்டது. இருமிக்கொண்டே மூன்று மாடி இறங்கி முற்றத்தில் வாளியை வைத்து, சுவரிலிருந்த சிவப்பு வாளிகளையும் அதன்மேல் கவிழ்த்தேன். மணலுக்குள் இரண்டு தடவை குமுறிவிட்டு அடங்கியது.

புது பேட்டரியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். மணி இரண்டு நாற்பது.

முற்றத்தில் 'தீ விபத்தின்போது ஒன்றுகூடும் இடம்' என்ற பலகையின் கீழே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மேடம் எண்ணிக்கொண்டிருந்தார். "இயக்குநர், போட்டோகிராபர் போக முப்பத்தொண்ணு இருக்கணும். முப்பத்திரண்டு வருதே! கணக்கு சரியாகற வரைக்கும் யாரும் நகரக்கூடாது. கேட்டை மூடுங்க."

"மேடம், கூடுதலா இருக்கறது நான்தான். நான் போயிட்டா சரியாயிடும்."

"வந்தவர் வந்த பதிவு இல்லாம எப்படிப் போவீங்க? பதிவேட்டைக் கொண்டுவாங்க."

காவலாளி பதிவேட்டைக் கொண்டுவந்தார். மேடம் விரல் வைத்துத் தேடினார். "இன்னைக்கு வந்தது மணல் வாளி ஒண்ணுதான். நீங்க வரவே இல்லையே!"

"ஆமாம் மேடம். நான் வரவே இல்லை."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். காவலாளி கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்கூட்டரை உதைக்கும்போது பின்னால், "முப்பத்தொண்ணு! சரியாயிடுச்சு!" என்ற குரலும் கைதட்டலும் கேட்டன.

வழியில் மூன்று சிக்னல். மூன்றாவதில் நான் நிற்கவில்லை. மச்சினனுக்கு ஏழு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. நிலையத்துக்குள் நுழைந்தபோது மூன்று அடிக்க இரண்டு நிமிஷம். சூப்பர்வைசர் மூன்று வரை பார்க்கவில்லை. கிணற்று வாயில் ஹெல்மெட்டின் உச்சி மட்டும் தெரிந்தது.

"ஏறு! டேய், மேல ஏறுடா!" என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"ஆறாவது படியில நிக்கறேன் மாமா! இதோ, போயிட்டு வந்துடறேன்."

"ஒரு படி இறங்கினே, உங்கக்கா மேல சத்தியமா நானும் குதிச்சுடுவேன்!"

ஏறி வந்தான். கழுத்தில் கிளி, பின்மூடி இல்லாமல், வெறும் கூடாக ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பேட்டரியைப் பொருத்தி, பையிலிருந்த பின்மூடியை மாட்டினேன். அவசரத்தில் ஒரு திருகு புல்லுக்குள் விழுந்துவிட்டது, மூன்றோடு விட்டேன். நல்ல காற்றில் வைத்து உயிர் வர ஒன்றரை நிமிஷம் ஆகும். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே, "கருவி உடன் உள்ளதுன்னு எழுதியாச்சேப்பா" என்றார்.

கயிற்றில் கட்டி இறக்கினேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, கிணற்றுப் படியும் அடிக்கு ஒன்று. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது முடிச்சு விரலைத் தாண்டியதும் கிளி கத்தியது. அந்தக் கிணறு முழுக்க அதன் சத்தம்தான். மேலே இழுத்துப் பார்த்தபோது, உச்சத்தில் எட்டிய அளவு திரையில் சிவப்பாக நின்றது. அந்த அளவில் ஓர் ஆள் நாலு மூச்சு விட்டால் அதிகம்.

மச்சினன் எண்ணைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டான். "இன்னும் எட்டே படி இறங்கியிருந்தா என் தலை அங்கே மாமா" என்றான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

அன்று யாரும் இறங்கவில்லை. தெரு மிதந்தது. மூன்றாம் நாள் மேடம் கையெழுத்துப் போட்ட மெமோ வந்தது.

'பதிவேட்டின்படி, தங்கள் நிலையத்துக்குப் புதிய பேட்டரி எதுவும் வழங்கப்படவில்லை. எனவே தங்கள் கருவியில் பேட்டரி இல்லை. பேட்டரி இல்லாத கருவி ஒலி எழுப்பியிருக்க முடியாது. ஆகவே கிணற்றில் வாயு இல்லை என்பது தெளிவாகிறது. இல்லாத வாயுவைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தியதற்கு விளக்கம் அளிக்கவும். நாளை காலை பத்து மணிக்குப் பணியாளரை இறக்கி வேலையை முடிக்கவும்.'

மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இதை எழுதின அம்மாவுக்குத் தம்பி யாரும் இல்லையா?" என்று கேட்டாள். அன்று மாலையே உட்கார்ந்து விளக்கம் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

'ஐயா, அம்மையீர். கிணற்றில் வாயு இல்லை என்று தங்கள் பதிவேடு கூறுவதை ஏற்கிறேன். என் சந்தேகம் தீர, தங்கள் பிரிவிலிருந்து யாராவது ஒரு அதிகாரி, அந்தப் பதிவேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பணியாளருக்கு முன்னால் இறங்கிக் காட்டும்படி வேண்டுகிறேன். அடிவரை போக வேண்டாம். எட்டடி போதும்.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே, ஆள் மூலமாக, பதில் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் வந்ததில்லை. இயக்குநரே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்.

'மேற்படி கிணற்றில் இறங்குவது உயிருக்கு ஆபத்தானது என்பதால், தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பத்து மணிக்கு யாரையும் இறக்கவில்லை. காற்று ஊதும் மெஷினை வரவழைத்து நாலு மணி நேரம் ஓடவிட்டார். கிளியை அடிவரை இறக்கி, அது வாய் திறக்கவில்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் மச்சினன் இறங்கினான். கிளி கழுத்தில் இருந்தது. துணியை உருவிக்கொண்டு இருபது நிமிஷத்தில் ஏறி வந்தான்.

இயக்குநரின் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு, கிணற்று வாயில், கண் மட்டத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். யாராவது வந்து ஆளை இறங்கச் சொன்னால், முதலில் அவரை அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறோம்.